சாண்டோ பனியனும் தூக்க மதிப்பெண்ணும்

கையில்லாத உள்பனியனுக்கு நம்மூர்க் கடைகளில் "சாண்டோ பனியன்" என்று பெயர். திருப்பூரில் மூட்டை மூட்டையாகத் தைத்து அனுப்புகிறார்கள். அப்பா போட்டார், நாமும் போடுகிறோம். அது ஒரு மனிதரின் பெயர் என்பது போடுகிற பலருக்குத் தெரியாது. பிலிப்பைன்ஸிலும் இதே உள்சட்டைக்கு சாண்டோ என்றுதான் பெயராம். ஒரு மனிதர் இரண்டு தேசத்தார் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் அவர் சாமானியப்பட்டவராக இருக்க முடியாது.

யூஜின் சாண்டோ 1867இல் அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். லண்டன் மேடைகளில் இரும்பு குண்டு தூக்கிப் பிழைத்தவர். கொஞ்ச நாளிலேயே ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார்: ஜனங்கள் குண்டைப் பார்க்க வரவில்லை, குண்டைத் தூக்கும் உடம்பைப் பார்க்க வருகிறார்கள். அப்புறம் அவர் பலசாலி மட்டுமல்ல, வியாபாரி. 1897இல் லண்டனில் பயிற்சி நிலையம். அடுத்த வருடம் பத்திரிகை. தபாலில் பயிற்சிப் பாடம், ஸ்பிரிங் வைத்த டம்பெல்ஸ், கடைசியில் சாண்டோ கோகோ பொடி. 1901 செப்டம்பர் 14 அன்று ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவர், ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயில். கோகோ வியாபாரம் முதல் உலகப் போர்க் காலத்தில் மூழ்கிப்போனது. ஆனால் 1904-05இல் இந்தியாவைச் சுற்றிப்போன அந்த மனிதரின் பெயர் இங்கே தங்கிவிட்டது. பலசாலி என்றால் சாண்டோ. கோயம்புத்தூரில் தேகப்பயிற்சிக் கூடம் நடத்தி, பிறகு யானை, பாம்பு, முருகன் எல்லோரையும் வைத்துப் படம் எடுத்த சின்னப்பா தேவருக்கு முன்னால் அந்த "சாண்டோ" வந்து ஒட்டியது இப்படித்தான்.

சரி, இத்தனை வருடம் கழித்து சாண்டோவைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்கிறீர்களா? காரணம் என் அக்கா மகன்.

பையனுக்கு 24 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி. பெங்களூரில் வேலை கிடைத்து அடுகோடியில் எங்களோடு தங்கியிருக்கிறான். வாரத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட். காலையில் காப்பி குடிக்க வரும்போதே கையைத் திருப்பிக் காட்டுவான். "மாமா, இன்னிக்கு ஸ்லீப் ஸ்கோர் 62." அவன் அம்மா ஒருநாள் போனில் என்னிடம் கேட்டாள்: "ஏன்டா, புள்ளை தூங்குனானா இல்லையான்னு வாட்ச் சொன்னாத்தான் அவனுக்கே தெரியுமாக்கும்?" என்னிடம் பதில் இல்லை. ஆனால் அன்று ராத்திரி அவனையே கூட உட்கார்த்தி வைத்து ஒரு கணக்குப் போட்டோம். ஜிம்முக்கு வருடச் சந்தா, மாதத்துக்கு வகுத்தால் 1,500 ரூபாய். புரதப் பொடி 3,200. தியான ஆப் 250. வாட்சுக்குத் தவணை 1,100. ஆக மாதம் 6,050 ரூபாய். "இது செலவில்ல மாமா, இன்வெஸ்ட்மென்ட்" என்றான். அந்தச் சொல் அவனுடையதல்ல, யாரோ விளம்பரத்தில் எழுதிக்கொடுத்தது என்பது மட்டும் எனக்கு உடனே தெரிந்தது. அதைத் தேடிக்கொண்டு பின்னால் போனதில்தான் சாண்டோ கிடைத்தார். அவருக்கும் முன்னால், இதே பெங்களூரில், இன்னும் சுவாரசியமான ஒருவர் கிடைத்தார்.

கே.வி. அய்யர். கோலார் வெங்கடேச அய்யர். கன்னடக்காரர்களுக்கு அவர் நாவலாசிரியர். ஹொய்சள அரசி சாந்தளையைப் பற்றிய நாவலும், "ரூபதர்சி" என்ற நாவலும் இன்றும் பேசப்படுகின்றன. கன்னட நாடகத்தைப் புரட்டிப்போட்ட டி.பி. கைலாசம் அவருடைய நண்பர். (தியாகராஜ பரமசிவ கைலாசம். பூர்வீகம் தமிழ்க் குடும்பம். வெளியூர் போனால் அந்த ஊர் மொழியில் எழுதிப் பெயர் வாங்குவது நம்மவர்களுக்குப் பழைய பழக்கம்!) ஆனால் 1920, 30களில் இந்தியா முழுக்க அய்யரைத் தெரிந்தது எழுத்தால் அல்ல, உடம்பால். பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் என்று ஒரு கூடம் நடத்தினார். கிரேக்கச் சிலைகளைப் போல நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படங்கள் இங்கிலாந்தின் உடற்பயிற்சிப் பத்திரிகைகளில் வந்தன. 1930இல் "மசில் கல்ட்", 1936இல் "பெர்ஃபெக்ட் பிசிக்", 1937இல் "சூரிய நமஸ்காரம்" என்று வரிசையாக ஆங்கிலப் புத்தகங்கள். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவும் இருந்தது. பிற்பாடு ஜே.சி. ரோட்டில் வியாயாமசாலை எழுந்தது.

எனக்குப் பிடித்த மேட்டர் அவருடைய தபால்வழிப் பயிற்சிதான். இந்த மாதிரிப் பாடங்களின் நடைமுறை எல்லா நாட்டிலும் ஒன்றே. பத்திரிகையில் ஒரு படம். "இவரைப் போல நீங்களும் ஆகலாம்." பணம் அனுப்பினால் அச்சடித்த பாடங்கள் வீடு தேடி வரும். அமெரிக்காவில் சார்லஸ் அட்லஸ் இதே வியாபாரத்தை 1920களின் கடைசியில் பெரிதாகத் தொடங்கினார். கடற்கரையில் ஒரு முரடன் ஒல்லிப்பிச்சான் முகத்தில் மணலை உதைக்கிற படக்கதை விளம்பரம், ஒரு தலைமுறை அமெரிக்கப் பையன்களைக் கண்ணாடி முன் நிறுத்தியது. நம் அய்யருக்கு முரடன் தேவைப்படவில்லை. தன் உடம்பைத் தெய்வங்களே பொறாமைப்படும் என்கிற தோரணையில் அவரே எழுதிக்கொண்டார். அடக்கம் அமரருள் உய்க்கும் என்பதெல்லாம் விளம்பரத்துறையில் செல்லுபடியாகாது :-)

யாருக்கு விற்றார் என்பதுதான் முக்கியம். விவசாயிக்கு இல்லை, மூட்டை தூக்குபவருக்கு இல்லை. அவர்கள் உடம்பு வேலையிலேயே முறுக்கேறியது. வாங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள், குமாஸ்தாக்கள். நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கத் தொடங்கிய முதல் தலைமுறை. கிராமத்தை விட்டு வந்தாயிற்று, உடம்புக்கு வேலையில்லை, கையில் மாதாமாதம் காசு. வெள்ளைக்காரன் வேறு "நீங்கள் நோஞ்சான் ஜாதி" என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்த வெட்கம் பெரிய சந்தை. அய்யர் அதை நன்றாகவே படித்து வைத்திருந்தார்.

ஆனாலும் அவரை எத்தர் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. சொன்னதைத் தானும் செய்தவர். தண்டால், பஸ்கி, பார்பெல், சூரிய நமஸ்காரம், ஆசனம் எல்லாவற்றையும் கலந்து ஒரு முறையாக்கினார். இன்றைக்கு ஏதோ ஆப்காரர்கள் கண்டுபிடித்ததைப் போல விற்கிற அதே கலவை. அவரோடு ஊர் ஊராகப் போய்ச் செயல்விளக்கம் தந்த யோகாச்சாரியர் எஸ். சுந்தரம், 1920களின் இறுதியில் பெங்களூரிலிருந்து "யோகிக் பிசிகல் கல்ச்சர்" என்று ஆசனங்களுக்குப் புகைப்படத்தோடு ஆங்கிலப் புத்தகம் போட்டார். "சுந்தர யோக சிகிச்சை" என்று தமிழிலும் எழுதினார். மைசூரில் 1933 முதல் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக வகுப்பு நடத்தினார். பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். அய்யங்கார், இந்திரா தேவி எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். இந்திரா தேவி 1940களின் இறுதியில் ஹாலிவுட்டில் யோகா பள்ளி தொடங்கினார். அங்கிருந்து அது பாயாகவும் பேண்டாகவும் டாலர் விலையோடு கோரமங்களாவுக்குத் திரும்பி வந்த கதை உங்களுக்கே தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. அய்யரின் பெயரிலேயே இருக்கிறது கோலார். அதே கோலார் ஜில்லாவில்தான் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது முதல் வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து போன நம் ஜனங்கள்தான் அந்தக் குழிகளில் இறங்கினார்கள். பெங்களூர் குமாஸ்தா மார்பை விரிக்கத் தபாலில் பாடம் வாங்கிய அதே வருடங்களில், தங்கவயல் தொழிலாளியின் நுரையீரலைச் சிலிக்கா தூசி தின்றுகொண்டிருந்தது. அது நோய்தான், அதற்கு இழப்பீடு உண்டு என்று சொல்லவைப்பதற்கே பெரும்பாடு பட வேண்டியிருந்தது. சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று மூடிவிட்டார்கள். பெங்களூர்த் தமிழர்கள் பலருக்குத் தங்கவயலில் ஒரு சித்தப்பாவோ தாத்தாவோ உண்டு. இருமல் சத்தத்தோடுதான் அவர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

இனி எங்கள் பேட்டைக்கு வருகிறேன். அடுகோடி என்றால் பழைய ஆட்களுக்கு மைக்கோ. மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்று 1951இல் தொடங்கி, அந்தப் பத்தாண்டிலேயே இங்கே ஆலை போட்டார்கள். டீசல் வண்டிக்கான பம்ப், ஸ்பார்க் பிளக். சங்கு ஊதினால் சைக்கிள்கள் வரிசையாகப் போகும் என்று எதிர்வீட்டுப் பெரியவர் சொல்வார். தொழிலாளிகள் வீடு கட்டிய பக்கம் இன்றும் மைக்கோ லேஅவுட். 2008இல் கம்பெனிக்கு பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிற்று. உற்பத்தி பிடதிக்குப் போனது. 76 ஏக்கர் வளாகம் கண்ணாடிக் கட்டிடங்களாக எழுந்து, 2022 ஜூன் 30 அன்று "ஸ்பார்க் நெக்ஸ்ட்" என்ற பெயரில் திறக்கப்பட்டது. பத்தாயிரம் பேர் வேலை செய்ய இடம். மண் அதேதான். ஒரு காலத்தில் அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு வேர்த்தார்கள். இன்று உட்கார்ந்து சம்பளம் வாங்கிவிட்டு, ராத்திரி எட்டு மணிக்குக் காசு கொடுத்து வேர்க்கப் போகிறார்கள்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நானும் உட்காருகிற ஜாதிதான். நான் யோசிப்பது வேறு. 1948இல் இரண்டு சட்டங்கள் வந்தன. தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று கோடு போட்டது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேண்டீன் வைக்கவேண்டும் என்றது. ஈ.எஸ்.ஐ. சட்டம் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் என்றது. ஓட்டை உடைசலோடுதான் நடந்தது, ஈ.எஸ்.ஐ. மருந்து வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும். ஆனாலும் அதில் ஒரு கருத்து இருந்தது: உழைக்கிறவன் உடம்பு கெட்டால் அதற்கு வேலை வாங்குகிறவனும் பொறுப்பு. இப்போது அந்தப் பொறுப்பு சத்தமில்லாமல் பையன் தலைக்கு மாறிவிட்டது. தூக்கம் கெட்டால் ஷிஃப்ட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாட்ச் பேசுகிறது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் ஒருவர் 90 என்றார். 48க்கும் 90க்கும் இடையில் இருக்கிற 42 மணி நேரத்தில்தான் இந்த "செல்ஃப் கேர்" சந்தை கடை விரித்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கடை விரித்தவர்களும் நம் பக்கத்துக்காரர்கள்தான். 2012இல் பெங்களூரில் தொடங்கிய ஹெல்திஃபைமீ, இட்லிக்கும் உப்புமாவுக்கும் கலோரி எண்ணிச் சொன்னது. வெளிநாட்டு ஆப்களுக்கு நம் சாப்பாடு பிடிபடாத காலத்தில் அது உண்மையிலேயே புத்திசாலித்தனம். 2016இல் மிந்த்ராவைத் தொடங்கிய முகேஷ் பன்சலும், ஃப்ளிப்கார்ட்டில் இருந்த அங்கித் நாகோரியும் க்யூர்ஃபிட் தொடங்கினார்கள். கல்ட் என்ற ஜிம்மை வாங்கிச் சேர்த்து, பிறகு கம்பெனிப் பெயரையே கல்ட்.ஃபிட் ஆக்கினார்கள். 2021இல் டாட்டா டிஜிட்டல் அதில் பணம் போட முன்வந்தது. "மசில் கல்ட்" என்று 1930இல் இதே ஊரில் ஒருவர் புத்தகம் போட்டது இவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, சொல் மட்டும் சுற்றி வந்து சேர்ந்துவிட்டது!

துணி விற்றவர்கள் உடற்பயிற்சிக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. துணி ஒருமுறை வாங்கினால் வருடம் ஓடும். உடம்பைப் பற்றிய கவலை மாதாமாதம் புதுப்பிக்கப்படும். சந்தா வியாபாரத்துக்கு அதைவிட நல்ல சரக்கு ஏது? ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மென்டியர் என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களை மூன்று வருடம் கவனித்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் போனார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. சந்தா கட்டாமல் பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்து டாலர்தான். விஷயம் இதுதான்: விற்கப்படுவது உடற்பயிற்சியல்ல, நாளையிலிருந்து ஒழுங்காகிவிடுவோம் என்ற நம்பிக்கை. அய்யர் காலத்தில் தபாலில் பாடம் வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டவர்கள் எத்தனை பேரோ! என் மருமகன் கணக்கையும் பார்த்தோம். மாதம் ஒன்பது தடவை. அமெரிக்காக்காரனைவிட நம்மூர்ப் பையன் தேவலை.

இல்லாத குறையைப் பெயர் வைத்து உண்டாக்கி, அதற்கு மருந்து விற்பதும் புதிதல்ல. வாய் நாற்றத்துக்கு லத்தீன் மாதிரி ஒரு பெயர் கொடுத்து 1920களில் லிஸ்டரின் விற்றார்கள். 1930களில் ஹார்லிக்ஸ் விளம்பரம் "ராத்திரிப் பட்டினி" என்று ஒன்றைக் கண்டுபிடித்தது. தூங்கும்போது உடம்பு பட்டினி கிடக்கிறதாம், அதனால்தான் காலையில் சோர்வாம், படுக்கும்முன் ஹார்லிக்ஸ் குடித்தால் சரியாம். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போகிற வழக்கத்தை நம்மூருக்குள் யார் நுழைத்தது என்று இப்போது யோசியுங்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்த பானங்களை இணையக் கடைகளில் "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பில் வைக்காதீர்கள் என்றது. ஹார்லிக்ஸை விற்கும் இந்துஸ்தான் யூனிலீவரும் அந்தத் தலைப்பை மாற்றிக்கொண்டது. தொண்ணூறு வருடம் கழித்து ஒரு திருத்தம். என் மருமகனின் "ஸ்லீப் ஸ்கோர்" ராத்திரிப் பட்டினியின் பேரப்பிள்ளை என்றே நினைக்கிறேன்.

புரதப் பொடியைப் பற்றி மட்டும் அழுத்தமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது காசோடு போகிற விஷயமல்ல. 2024இல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் சம்பந்தப்பட்ட ஓர் ஆய்வு, இந்தியச் சந்தையில் விற்கும் 36 பொடிகளைச் சோதித்து வெளிவந்தது. ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் எழுதிய புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிமருந்தும் இருந்தன. அதே வருடம் மே மாதம் வந்த ஐ.சி.எம்.ஆரின் உணவு வழிகாட்டுதலும் புரதப் பொடியைத் தவிர்க்கச் சொன்னது. இதை அச்சடித்து டப்பா மேல் ஒட்டினேன். பையன் இரண்டு நாள் முறைத்தான். இப்போது காலையில் முட்டையும் சுண்டலும் போகிறது. 3,200 ரூபாய் மிச்சம் என்று அக்காவிடம் சொன்னபோது, "அந்தக் காசை எனக்கு அனுப்பச் சொல்லு" என்றாள்.

இப்படியெல்லாம் எழுதினால் ஜிம்மே வேண்டாம் என்கிறேனா? இல்லை. எங்கள் தெருவில் பெண்கள் பி.ஜி. ஒன்று இருக்கிறது. அங்கே தங்கியிருக்கும் தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என் மனைவியோடு ஸ்நேகம். அவள் சொன்னது: "அக்கா, எங்க ஊர்ல நான் எட்டாவதுக்கு அப்புறம் ஓடினதே இல்ல." வயசுக்கு வந்த பெண் ஓடக்கூடாது. இங்கே வந்துதான் ட்ராக் பேண்ட் போட்டு ஓடுகிறாள். அவளுக்கு அந்தச் சந்தா வெறும் சந்தா இல்லை. வீட்டில் அம்மா சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டாள், "சாப்பிட்டியா" என்று கேட்டாள், அதையெல்லாம் இப்போது அப்யங்கம் என்றும் நோட்டிஃபிகேஷன் என்றும் விலைக்கு விற்கிறார்கள் என்று புலம்பலாம். உண்மைதான். ஆனால் அதே வீட்டில் "மனசு சரியில்லை" என்று சொன்னால் "எல்லாம் நேரத்துக்குத் தூங்கினா சரியாயிடும்" என்றுதான் சொன்னோம். வீடு கேட்காமல் விட்ட கேள்வியைக் கம்பெனிக்காரன் கேட்கிறான், அதனால்தான் அவன் சரக்கு போகிறது.

2021 அக்டோபர் 29 அன்று புனித் ராஜ்குமார் இறந்தார். வயது 46. உடற்பயிற்சி முடித்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு ஏதோ செய்கிறது என்றவர், திரும்பவில்லை. அன்று பெங்களூரே உறைந்துபோனது. எங்கள் தெருவில் கன்னடப் பையன்களும் தமிழ்ப் பையன்களும் சேர்ந்தே பேனர் கட்டினார்கள். அடுத்த நாட்களில் பன்னேர்கட்டா சாலையில் உள்ள ஜெயதேவா அரசு இருதய மருத்துவமனைக்கு இளைஞர்கள் பரிசோதனைக்குக் குவிந்தார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஜிம்மைக் குறைசொல்லாதீர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள் என்று மருத்துவர்கள் பலர் சொல்லிப் பார்த்தார்கள். கட்டுடம்பு வேறு, நலமான இருதயம் வேறு என்பதை இந்த ஊர் மிகப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. கோகோ விற்ற சாண்டோவும் நீண்ட ஆயுள் வாழவில்லை. 1925இல் போனபோது அவருக்கு 58.

மனசு விஷயத்துக்கு, விளம்பரமே இல்லாத ஓர் இடம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ். ஊரில் கேலிக்குச் சொல்லும் கீழ்ப்பாக்கம் மாதிரி இங்கே அந்தப் பெயர். 1847இல் பெங்களூரில் தொடங்கிய மனநோய்க் காப்பகம், 1930களில் இந்த இடத்துக்கு வந்து, 1954இல் தொடங்கப்பட்ட அகில இந்திய மனநல நிலையத்தோடு சேர்ந்து, 1974 டிசம்பர் 27 அன்று நிம்ஹான்ஸ் ஆனது. 2014இல் அங்கே "ஷட் கிளினிக்" என்று ஒன்றைத் தொடங்கினார்கள். செல்போனையும் கேமையும் விடமுடியாதவர்களுக்கு. ஆப்பில் மனசைச் சரிசெய்யச் சொல்கிற கம்பெனிகளுக்கு மூன்று கிலோமீட்டருக்குள், ஆப்பிலிருந்து மீளச் சிகிச்சை தருகிற அரசு கிளினிக். இந்த ஊரின் விசேஷமே இதுதான்.

2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை வந்தது. அதற்குத் தலைமை மையமும் நிம்ஹான்ஸ்தான். எண் 14416. காசில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். போன மார்கழியில் பையன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் இருந்தான். வாட்ச் அந்த வாரம் நல்ல மதிப்பெண்தான் கொடுத்தது, எண்பதுக்கு மேல், ஏனென்றால் படுத்தேதான் கிடந்தான். என் மனைவிதான் அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து யாரோடோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான், கோவில்பட்டித் தமிழில். எதிர்முனையில் இருந்தது அந்த எண்ணா, அவன் அம்மாவா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கொசு கடிக்குமே என்று என் மனைவி மின்விசிறியை மட்டும் வாசல் பக்கம் திருப்பி வைத்தாள். சீட்டு இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. பால் கணக்குக்குப் பக்கத்தில்.